சேலமா, தருமபுரியா, வீட்டுத் திண்ணையா? நுரையீரல் நோயாளிக்குக் கால் வலு திரும்ப மூன்று வழிகள்

என் அம்மா களி கிண்டுவதை நிறுத்தி ஒன்றரை ஆண்டு ஆன பிறகுதான் ஒரு மருத்துவர் அவருடைய தொடையைத் தொட்டுப் பார்த்தார். அதுவரை எல்லோரும் நெஞ்சோடு நின்றுவிட்டார்கள். பென்னாகரம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மா நாற்பது ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தவர். புளிப் பருவம் வந்தால் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்தவர். பீடியையோ சிகரெட்டையோ கையால் தொட்டதில்லை. ஆனாலும் 61 வயதில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சுருக்கமாக சி.ஓ.பி.டி.

அடுத்த கார்த்திகையில் சளி கட்டி, மூச்சு முட்டி, ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். வீடு திரும்பிய நான்காம் நாள் நெஞ்சை அழுத்துகிறது என்றார். சளிதான் என்று நாங்கள் வெந்நீர் வைத்துக் கொடுத்தோம். இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது. அது மாரடைப்பு. சேலத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பு அங்கிருந்த மருத்துவர், “அம்மா, கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள்” என்றார். மூன்றாவது முறை அம்மாவால் முடியவில்லை. அப்போதுதான் அவர் குனிந்து தொடையை அழுத்திப் பார்த்தார். பிறகு என்னிடம், “மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதி இந்தத் தசைக்குக் கொடுக்கும் பயிற்சி. எங்கே செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள்” என்றார்.

எங்கே என்பதில்தான் வீட்டில் மூன்று வாரம் வாக்குவாதம். அண்ணன் சேலம் என்றார். ஓசூரில் இருக்கும் மாமா, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் செறிவூட்டி ஒன்று வாங்கிவிடலாம், செலவு என் பொறுப்பு என்றார். அம்மாவுக்கு வீட்டை விட்டு நகர விருப்பமில்லை. நான் பள்ளி ஆசிரியை. மருத்துவம் படித்தவள் அல்ல. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வழியையும் எழுதி, மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதே முடிவுக்கு முன்னால் நிற்கும் குடும்பங்களுக்கு உதவும் என்று அதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

மூச்சு நோய்க்காரருக்குக் கால் ஏன்?

வழிகளை ஒப்பிடும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். இது புரியாவிட்டால் எந்த வழியிலும் நாலு நாளுக்கு மேல் யாரும் போகமாட்டார்கள்.

மூச்சு வாங்குகிறது என்பதால் நோயாளி நடப்பதைக் குறைக்கிறார். நடக்காத கால் மெலிகிறது. மெலிந்த தசையில், நெடுநேரம் களைக்காமல் உழைக்கும் இழைகள் குறைந்து, சீக்கிரம் களைக்கும் இழைகள் மிகுந்துவிடுகின்றன. அந்தத் தசை சிறு வேலைக்கே களைத்து, கழிவை அதிகம் விட, அதைச் சரிசெய்ய மூச்சு இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. அதனால் மேலும் மூச்சு வாங்குகிறது; இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துவிடுகிறார். இதோடு உடல் முழுதும் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, சரியாகச் சாப்பிடாதது, அடிக்கடி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் அளந்து பார்த்தபோது, சி.ஓ.பி.டி. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொடையின் முன்தசை வலுவிழந்திருந்தது. நோய் முற்றாதவர்களிலும் பலருக்கு அப்படித்தான். தொடை வலு குறைந்தவர்கள் விரைவில் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும், நுரையீரல் ஊதல் சோதனையின் எண் எதுவாக இருந்தாலும் இது பொருந்துகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்த செய்தி.

இதயமும் இதே வலையில் சிக்கியிருக்கிறது. டார்ச் என்ற பெரிய ஆய்வு 42 நாடுகளில் 6,100-க்கும் மேற்பட்ட சி.ஓ.பி.டி. நோயாளிகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது; 2007-ல் வெளிவந்தது. இறந்தவர்களில் 35 சதவீதம் பேர் மூச்சு நோயாலும், 27 சதவீதம் பேர் இதயம், ரத்தக்குழாய் நோய்களாலும் போனார்கள். நுரையீரல் நோயாளி என்று நாம் கூப்பிடும் மனிதர்களில், இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் இதயம், ரத்தக்குழாய் நோயால்! எங்கள் வீட்டில் நடந்ததற்கும் விளக்கம் இருக்கிறது. மூச்சு நோய் திடீரென்று முற்றிய பிறகு வரும் முதல் ஐந்து நாட்களில் மாரடைப்பு அபாயம் இரு மடங்குக்கு மேல் உயர்கிறது என்று 2010-ல் ஒரு பிரிட்டன் ஆய்வு காட்டியது. இதை எங்களுக்கு முன்கூட்டியே யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால், அந்த வெந்நீர் நாளில் நான் 108-ஐ அழைத்திருப்பேன்.

ஆகவே தேடவேண்டியது, கால் தசைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இதயத்தையும் மூச்சையும் ஒருவர் கண்காணிக்கும் ஏற்பாடு. மருத்துவத்தில் இதற்கு நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று பெயர். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், ஆறு முதல் பன்னிரண்டு வாரம். இதில் பயன் உண்டா என்ற கேள்வி எப்போதோ முடிந்துவிட்டது. 65 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2015-ல் வந்தது. மூச்சுத் திணறலும் களைப்பும் குறைகின்றன, நடக்கும் தூரம் கூடுகிறது என்பதில் அது உறுதியாக இருந்தது.

முதல் வழி: பெருநகர மருத்துவமனை

எங்களுக்குச் சேலம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு பெங்களூரு. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான், கிருஷ்ணகிரியிலிருந்து 90. இதய நோய்க்கென்றே உள்ள அரசு நிறுவனமான ஜெயதேவாவுக்கு நம் பக்கத்து மக்கள் போய்வருவது புதிதல்ல. ஊத்தங்கரை, மத்தூர்ப் பக்கத்தில் சிலர் வேலூர் சி.எம்.சி.யைத் தேர்வு செய்வார்கள்.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லமாட்டேன். நடைப்பட்டையில் (டிரெட்மில்) நடக்கும்போதே இ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் பக்கத்தில் இருக்கும். இதய மருத்துவர், நெஞ்சக மருத்துவர், இயன்முறை மருத்துவர், உணவு ஆலோசகர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். ஒருவருக்குச் சமீபத்தில் மாரடைப்பு வந்திருந்து, எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் இறைக்கும் திறன் நன்றாகக் குறைந்திருந்தால், அல்லது நடந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகிறது என்றால், அல்லது சில அடி வைத்ததும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 88-க்குக் கீழே இறங்குகிறது என்றால், வேறு எதையும் யோசிக்காமல் முதல் சில வாரங்களாவது இங்கேதான் செய்ய வேண்டும். கடனோ உடனோ வாங்கிச் செய்யக்கூடிய செலவு இது.

மற்றவர்களுக்குக் கணக்கு இடிக்கிறது. எங்கள் ஊரிலிருந்து சேலம் போக ஏறக்குறைய 95 கிலோமீட்டர். வாரம் இருமுறை, எட்டு வாரம் என்றால் 16 பயணம், 3,000 கிலோமீட்டருக்கு மேல். தருமபுரியிலிருந்து சென்னைக்கு ஐந்து தடவை போய்த் திரும்பும் தூரம் அது. நாற்காலியிலிருந்து எழ முடியாத ஒருவரை இரண்டு பஸ் மாற்றி, தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, டீசல் புகையை முகரவைத்து மூச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போவது எனக்கு ஒப்பவில்லை. கூடப் போகிறவருக்கும் அன்று வேலை போய்விடும். பக்கத்திலேயே தங்கலாம் என்றால், அறை வாடகை பயிற்சிக் கட்டணத்தைத் தாண்டிவிடும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் போன்ற சிகிச்சைகள் வருகின்றன. ஆனால் பஸ் கட்டணத்தையும் இழந்த கூலியையும் எந்த அட்டையும் தராது.

இரண்டாம் வழி: மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரி, 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமானது. அங்கே மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பர்கூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி மக்களுக்கு இது பெரிய மாற்றம். அதற்கு முன்பு அவர்கள் தருமபுரிக்கோ சேலத்துக்கோ ஓடவேண்டியிருந்தது.

இங்கே ‘நுரையீரல் மறுவாழ்வு’ என்று எழுதிய பலகையைத் தேடாதீர்கள். நெஞ்சக நோய்ப் பிரிவு ஓரிடத்தில் இருக்கும், இயன்முறை சிகிச்சைப் பிரிவு வேறு கட்டடத்தில் இருக்கும். இரண்டையும் இணைப்பது உங்கள் கையில் இருக்கும் ஒரு சீட்டுதான். அந்தச் சீட்டில் எழுதியிருப்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கும். ‘உடற்பயிற்சி தேவை’ என்று மட்டும் எழுதியிருந்தால், எலும்பு முறிவுக்காரர்களுக்கும் பக்கவாதக்காரர்களுக்கும் நடுவே உங்களை உட்காரவைத்து, மூச்சை இழுத்து விடும் நான்கு பயிற்சிகளைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். எனக்கு வேறொரு மருத்துவமனையில் அப்படித்தான் நடந்தது. ஒரு மாதம் வீணானது. சி.ஓ.பி.டி., ஸ்டென்ட் வைத்த தேதி, எக்கோவின் முடிவு, தொடைத் தசைக்கு எடைப் பயிற்சி வேண்டும், ஆறு நிமிட நடைச் சோதனை செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இவை எல்லாம் இருந்த சீட்டைக் கொண்டுபோனபோது, தருமபுரியில் அம்மாவுக்கு அரை மணி நேரம் ஒதுக்கிப் பார்த்தார்கள். ஒரு காசு செலவில்லை. நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை.

குறை என்றால் காலை நேர வெளிநோயாளிகள் வரிசை. காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் வீட்டில் ஐந்தரைக்கு எழ வேண்டும். பனிக்காலத்தில் அதுவே ஒரு தண்டனை. எட்டு வாரமும் இப்படிப் போய்வர எங்களால் முடிந்திருக்காது. முதல் நான்கு முறைக்கு முடிந்தது. அந்த நான்கு முறை தந்த பாதுகாப்பு உணர்ச்சி பெரியது. எவ்வளவு மூச்சு வாங்கினால் பயப்பட வேண்டியதில்லை, எங்கே நிறுத்த வேண்டும் என்ற எல்லையை அம்மா அங்கேதான் கற்றுக்கொண்டார்.

மூன்றாம் வழி: வீடு

வீட்டில் செய்வது ஏழைக்கான இரண்டாந்தர வழி என்று நானும் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஆஸ்திரேலியாவின் மெல்பேர்னில் நடந்து 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஒரு பகுதியினர் மருத்துவமனைக்கு வந்து பயிற்சி செய்தார்கள். மற்றவர்களின் வீட்டுக்கு இயன்முறை மருத்துவர் ஒரே ஒரு முறை போனார். அதன்பின் வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு வீதம் ஏழு அழைப்புகள். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. எட்டு வார முடிவில் வீட்டுப் பயிற்சி மருத்துவமனைப் பயிற்சிக்குச் சளைக்கவில்லை. முக்கியமான எண் இன்னொன்று: வீட்டில் செய்தவர்களில் 91 சதவீதம் பேர் பயிற்சியை முடித்தார்கள், மருத்துவமனைக்கு வந்தவர்களில் 49 சதவீதம் பேர்தான் முடித்தார்கள். நல்ல பஸ் வசதியும் ரயிலும் உள்ள மெல்பேர்னிலேயே பாதிப்பேர் நின்றுவிட்டார்கள் என்றால், ஒகேனக்கல் சாலையோரக் கிராமத்திலிருந்து சேலம் போகிறவர் எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பார்?

அதே ஆய்வில் ஒரு கசப்பும் இருக்கிறது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவினரிடமும் பயன் கரைந்துபோயிருந்தது. எட்டு வாரத்தோடு நிறுத்தினால் கால் பழையபடி ஆகிவிடும். இதனாலும் வீட்டு வழிக்கு என் மனம் சாய்கிறது. நிறுத்தாமல் தொடரக்கூடியது அதுதான்.

நம் பக்கத்தில் இதற்கு அரசின் கையும் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவதை எல்லோரும் அறிவார்கள். வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் அடக்கம் என்பதைப் பலர் கேட்பதில்லை. வட்டாரம் முழுக்கச் சுற்றிவருகிறவரிடம் வாரம் இருமுறை எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆனால் மெல்பேர்னில் தேவைப்பட்டது ஒரே ஒரு வீட்டு வருகைதான் என்பதை நினைத்துப்பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

வீட்டு வழியில் உள்ள உண்மையான ஆபத்து, மறைந்திருக்கும் இதய நோய். சி.ஓ.பி.டி. உள்ள முதியவர்களை நெதர்லாந்தில் முழுமையாகச் சோதித்தபோது, ஐந்தில் ஒருவருக்கு அதுவரை யாரும் கண்டுபிடிக்காத இதயச் செயலிழப்பு இருந்தது. மூச்சிரைப்பு, களைப்பு, கால் வீக்கம் எல்லாமே நுரையீரல் கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றன. அதனால் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்காமல் வீட்டுப் பயிற்சியைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், படபடப்பு, வழக்கத்துக்கு மாறான கால் வீக்கம், ஓரிரு நாளில் இரண்டு கிலோ எடை ஏறுவது, ஓய்வில் இருக்கும்போதே 180-ஐத் தாண்டிய ரத்த அழுத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்று பயிற்சி கிடையாது; மருத்துவரிடம் போகவேண்டிய நாள் அது. நெஞ்சு அழுத்தம் ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால் உடனே 108.

மாமாவின் கருவியும் மற்றவையும்

ஆக்சிஜன் செறிவூட்டி பற்றி ஓசூர் மாமாவுடன் நிறையப் பேசினேன். அவருடைய அன்பு உண்மையானது. ஆனால் அந்தக் கருவி யாருக்கு உயிர் காக்கும் என்பது 1980, 1981-ல் வந்த இரண்டு ஆய்வுகளிலேயே தெளிவாகிவிட்டது: ஓய்வில் இருக்கும்போதே ரத்த ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்களுக்கு, நாளொன்றுக்கு 15 மணி நேரமாவது கொடுத்தால் ஆயுள் நீள்கிறது. ஆக்சிமீட்டரில் 88 அல்லது அதற்கும் கீழே நிலையாக இருப்பவர்களுக்கு, ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் முடிவு செய்வார். ஓய்வில் 89 முதல் 93 வரை உள்ளவர்களையும், நடக்கும்போது மட்டும் மிதமாகக் குறைகிறவர்களையும் 2016-ல் அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். வீட்டு ஆக்சிஜனால் அவர்களுக்கு ஆயுளிலோ மருத்துவமனைச் சேர்க்கையிலோ எந்த வேறுபாடும் இல்லை. அம்மாவுக்கு ஓய்வில் 93. மாமாவிடம் அந்தப் பணத்தை எக்கோவுக்கும் முட்டைக்கும் கொடுங்கள் என்றேன், கொடுத்தார்.

தொடையில் ஒட்டி மின்னதிர்வால் தசையைச் சுருங்கவைக்கும் கருவியும் உண்டு. லண்டனில் 52 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் ஆறு வாரத்தில் நடைத்தூரம் கூடியது; நிறுத்தியதும் பயன் குறைந்தது. படுக்கையை விட்டே எழ முடியாதவருக்கு இது ஒரு தொடக்கம். எழுந்து நிற்க முடிந்தவருக்குத் தேவையில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதன் பக்கமே போகக் கூடாது.

நடையா, எழுந்து உட்காருவதா?

எந்த இடத்தைத் தேர்ந்தாலும் என்ன செய்வது என்பதில் இன்னொரு தேர்வு இருக்கிறது. நம் ஊரில் உடற்பயிற்சி என்றால் நடை. நடை நல்லதுதான், இதயத்துக்கு அதன் பங்கு பெரிது. ஆனால் மூச்சு வாங்கும் ஒருவர் நடக்கும்போது, கால் களைக்கும் முன்பே மூச்சு தீர்ந்துவிடுகிறது. தசைக்குப் போதிய வேலை கிடைப்பதில்லை. எடைப் பயிற்சியில் நிலைமை வேறு. சிறிது நேரம், ஒரு தசைக்கூட்டம், பிறகு ஓய்வு. மூச்சிரைப்பு குறைவு, கால் வலுவுக்குக் கிடைக்கும் பயன் அதிகம். வலு மிகக் குறைந்தவர்கள் நடைக்கு முன் இதில் தொடங்குவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பயன்.

அம்மா செய்வது இதுதான். கை இல்லாத, உயரமான மர நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டிருக்கிறோம். மார்பில் கையைக் கட்டிக்கொண்டு எழுவதும் உட்காருவதுமாக எட்டு முறை; இரண்டு நிமிட ஓய்வு; மீண்டும் எட்டு. அவரைப் பொறுத்தவரை அது பிள்ளையாருக்குப் பாதித் தோப்புக்கரணம். எழும்போது உதட்டைக் குவித்து மூச்சை விட வேண்டும், அடக்கக் கூடாது. இதயத்துக்காக இதில் மிகவும் கண்டிப்பாக இருக்கச் சொன்னார்கள். பிறகு திண்ணைப் படியில் ஏறி இறங்குவது. கணுக்காலில் மணல் நிரப்பிய துணிப்பையைக் கட்டி, உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குவது. பை அரைக் கிலோவில் தொடங்கி இப்போது ஒன்றரைக் கிலோ. கைகளுக்கு மணல் போட்ட அரை லிட்டர் பாட்டில்கள். கடைசியில் மாட்டுக்கொட்டகை வரை நடை. வாரம் மூன்று நாள் எடை, ஐந்து நாள் நடை.

எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்? பத்துக்கு எத்தனை மூச்சு வாங்குகிறது என்று அம்மாவைக் கேட்கிறேன். நான்கிலிருந்து ஆறுக்குள் இருந்தால் சரி. நாடித்துடிப்பை நம்ப முடியாது, ஏனென்றால் இதயத்துக்காக அவர் சாப்பிடும் மாத்திரை துடிப்பை அடக்கிவைக்கிறது.

அந்த மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர், வீசிங் உள்ளவர்கள் துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடக் கூடாது என்று சொல்ல, அம்மா ஒன்பது நாள் நிறுத்திவிட்டார். இதயத்தை மட்டும் குறிவைக்கும் பைசோப்ரோலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றை சி.ஓ.பி.டி. உள்ள மாரடைப்பு நோயாளிகளுக்கும் மருத்துவர்கள் தருகிறார்கள், தரவும் வேண்டும். இதயக் காரணம் எதுவும் இல்லாத நோயாளிகளுக்கு நுரையீரல் நன்மைக்காக மெட்டோப்ரோலால் கொடுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில் பயன் இல்லை, தீவிர மூச்சுத் திணறல் கூடியது. ஆகவே இதயத்துக்குத் தேவையென்றால் தொடருங்கள், தேவையில்லையென்றால் தொடங்காதீர்கள். இரண்டையும் மருத்துவரே சொல்லட்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையில் எங்கள் வீட்டார் செய்த தவறு இன்னும் பெரிது. ஒருமுறை கொடுத்த சீட்டையே வைத்துக்கொண்டு, மூச்சு முட்டும்போதெல்லாம் கடையில் வாங்கிக்கொண்டிருந்தார் அப்பா. நோய் முற்றும்போது ஐந்து நாள் கொடுப்பதே பதினான்கு நாளுக்கு ஈடானது என்று 2013-லேயே நிறுவிவிட்டார்கள். அதற்கு மேல் விழுங்கியதெல்லாம் அம்மாவின் தொடையைத் தின்றது. நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தட்டு

பட்டினித் தசைக்குப் பயிற்சி கொடுப்பது வீண். அம்மாவின் எடை 45 கிலோ. கிலோவுக்கு 1.2 கிராம் கணக்கில் நாளுக்கு 54 கிராம் புரதம் வேண்டும் என்றார்கள். டப்பா மாவு வாங்கச் சொன்ன உறவினர்கள் இருந்தார்கள். நான் எங்கள் அடுப்படியைக் கூட்டிப்பார்த்தேன். இரண்டு முட்டை 12 கிராம், 150 கிராம் ராகி மாவு 10, கொள்ளு 50 கிராம் 11, பாலும் தயிருமாக அரை லிட்டர் 16. மீதியைச் சோறும் அவரையும் நிரப்பிவிடும். நம் மாவட்டத்துச் சாப்பாடே போதும். ஆனால் ஒரே வேளையில் வயிறு நிறையக் களி உருட்டிப் போட்டால் மூச்சு முட்டும். ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்தோம். சிறுநீரக நோய் இருப்பவர்கள் இந்தக் கணக்கை மருத்துவரிடம் காட்டாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எரிவாயு அடுப்பு வீட்டில் ஆறு ஆண்டுகளாக இருந்தது. ஆனாலும் களிக்கும் வெந்நீருக்கும் விறகுதான். அந்த அடுப்பை நான் இடித்துவிட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எங்கள் முடிவும், மாறவேண்டிய இடங்களும்

இதய மருத்துவர் சம்மதம் தந்த பிறகு, முதல் இரண்டு வாரம் நான்கு முறை தருமபுரி, அதன்பின் வீடு. ஞாயிறு மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு, மாதம் ஒருமுறை நேரில் சோதனை. தொடங்கியபோது, இருக்கையைச் சற்று உயர்த்திப் போட்டும் ஐந்து முறை எழுந்து உட்கார அம்மாவுக்கு 22 நொடி ஆனது. பத்தாம் வாரத்தில், உயர்த்தாத நாற்காலியிலேயே 15. இரண்டு நொடி குறைந்தாலே பயன் என்று எண்ணலாமாம். ஆறு நிமிடத்தில் நடந்த தூரம் 240 மீட்டரிலிருந்து 295 ஆனது. நுரையீரல் ஊதல் சோதனையின் எண் மட்டும் இம்மியும் மாறவில்லை. அதை எதிர்பார்க்கவும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

உங்கள் வீட்டுக்கு இதே முடிவு பொருந்த வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி நகரத்திலேயே இருப்பவர், எட்டு வாரமும் மருத்துவக் கல்லூரிக்கே போகலாம். கல்குவாரியில் வேலை செய்து சிலிக்கா தூசால் நுரையீரல் கெட்டவருக்கு ஆக்சிஜன் சட்டென்று சரியும். அவர் நகர மருத்துவமனையில் தொடங்குவது நல்லது. சளியில் ரத்தம், மாலைக் காய்ச்சல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை முடியும்வரை மற்றதெல்லாம் காத்திருக்கட்டும். தனியாக வாழும் முதியவருக்கு வீட்டு வழி வேண்டாம். பயிற்சியின்போது இன்னொருவர் அருகில் இருந்தே ஆக வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வந்த நான்கு வாரத்துக்குள் பயிற்சியைத் தொடங்குவதற்குத்தான் பலன் அதிகம். நாங்கள் வாக்குவாதத்தில் மூன்று வாரமும், தப்பான சீட்டால் ஒரு மாதமும் இழந்தோம். இந்த மார்கழியில் பனி இறங்கியபோது அம்மாவுக்கு மீண்டும் சளி கட்டியது, ஆனால் சேர்க்கும் அளவுக்குப் போகவில்லை. ஆறாம் நாள் காலை நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். எட்டு முடியவில்லை, நான்கோடு நிறுத்தினார். மறுநாள் ஐந்து. இப்போது எரிவாயு அடுப்பில் இரண்டு பேருக்கான களியை அவரே கிண்டுகிறார். நடுவில் ஒருமுறை துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து மூச்சு விட்டு, திரும்ப வாங்கிக்கொள்கிறார்.